பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸைத்தான் பார்ப்பார்கள்

கேள்வி: நூலக ஆண்டு விழாவுக்கு நானே கம்ப்யூட்டரில் போஸ்டர் செய்தேன். எட்டு வண்ணம், பேச்சாளர்கள் பதினொரு பேரின் படம், நிகழ்ச்சி நிரல் எல்லாம் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒட்டியும் யாரும் நின்று பார்க்கவில்லை. எங்கே தப்பு?
– ஒரு வாசகி, தேனி

பதில்: நின்று பார்ப்பார்கள் என்று நினைத்ததுதான் தப்பு, அம்மா. பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பஸ்ஸைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் ஒட்டியது அழைப்பிதழ்.

நானும் இதில் அடிபட்டவன்தான். முதன்முதலில் ஒரு நாடகத்துக்கு டபுள் கிரவுன் அளவில், அதாவது 20க்கு 30 அங்குலத்தில் வரைந்தேன். எழுத்துக்கு எழுத்து பூ வேலை. அச்சக முதலாளி அதைச் சுவரில் ஒட்டிவிட்டு, என்னைத் தெருவின் எதிர்ப்பக்கம் நிறுத்தி, "நாடகம் என்னைக்கு?" என்றார். எழுதிய எனக்கே தேதி தெரியவில்லை, பூதான் தெரிந்தது.

உங்கள் ஊர்ச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றாவது இருக்கும், பாருங்கள். ஒரு முகம், மேலே இரண்டு சொல், கீழே பெயர், தேதி. ஓடும் பஸ்ஸிலிருந்தே "ஐயோ, அவரா!" என்று தலை திரும்பும். (இப்போது அதிலும் இறந்தவரைவிட அஞ்சலி செலுத்துகிறவர்களின் படம் பெரிதாகிவிட்டது. அது வேறு கதை.)

இன்னொன்று, வரிகளுக்கு நடுவே இடம் விடுங்கள். தமிழில் மேலே புள்ளியும் கொக்கியும் உண்டு, கீழே சுழியும் உண்டு. நெருக்கினால் மேல்வரி 'ழு'வின் கால் கீழ்வரிப் புள்ளியில் இடிக்கும்.

கேள்வி: கல்லில் வரைந்து அச்சிட்ட லித்தோ காலத்துப் போஸ்டர்களில் வண்ணம் குறைவு. ஆனாலும் கண்ணை இழுக்கின்றனவே?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல் வேண்டும். காசு! அதனால் யோசித்துத்தான் கை வைத்தார்கள். பாரிஸில் மூலான் ரூஷ் கேளிக்கை விடுதிக்காக 1891இல் ஓவியர் துலூஸ் லொத்ரெக் வரைந்த போஸ்டரைத் தேடிப் பாருங்கள். பின்னால் நிற்கும் கூட்டம் முழுக்கக் கறுப்பு நிழல். முன்னால் ஒரு ஆள், சாம்பல் நிழல். நடுவில் ஆடுகிறவளின் உள்பாவாடை மட்டும் பளிச்சென்று வெள்ளை. அந்த வெள்ளைக்கு மையே கிடையாது. அச்சிடாமல் விட்ட தாள்.

கேள்வி: ஒட்டிய போஸ்டரை மாடு தின்றுவிடுகிறதே?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: அது தேடி வருவது மைதாப் பசையை. ஏணி போட்டு உயரத்தில் ஒட்டுங்கள். அடுத்தவர் போஸ்டர் மேல் மட்டும் வேண்டாம்.