தங்கம் தேடும் கம்பெனி டிவிடெண்ட் தருமா?

மார்த்தாண்டம் நண்பரே, ரப்பர் ஷீட் விற்ற காசில் தங்கம் தேடும் சின்னக் கம்பெனியின் பங்கு வாங்கி மூன்று வருடமாகியும் டிவிடெண்ட் (லாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் காசு) வரவில்லை, ஏமாற்றுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அவர்கள் இன்னும் துளை போட்டு மண்ணைச் சோதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், விற்பனையே இல்லை, அப்புறம் லாபம் எங்கிருந்து வரும்? நம்ம கம்பெனிச் சட்டத்தின் (2013) 123-ஆம் பிரிவுப்படி பழைய நஷ்டத்தைக் கழித்த பிறகுதான் அந்த வருட லாபத்திலிருந்து டிவிடெண்டே அறிவிக்கலாம். ரப்பர் கன்று நட்டால் ஏழு வருடத்தில் பால் வெட்டலாம், இங்கே அந்த உறுதியும் கிடையாது. சொல்லப்போனால் இந்த நிலையில் ஒரு கம்பெனி டிவிடெண்ட் கொடுத்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. ஆண்டறிக்கையை எடுத்து, கையில் எவ்வளவு ரொக்கம், வருடத்துக்கு எவ்வளவு கரைகிறது, மொத்தப் பங்கு எண்ணிக்கை எவ்வளவு கூடியிருக்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் காசு தீர்ந்ததும் புதுப் பங்கு வெளியிடுவார்கள், உங்கள் பங்கின் விகிதம் சத்தமில்லாமல் குறையும். இயக்குநர்கள் சம்பளம் துளையிடும் செலவைவிட அதிகமா? அப்படியென்றால் விற்றுவிட்டு வெளியே வாருங்கள்.

தங்கமும் வேண்டும், வருமானமும் வேண்டும் என்றால் அரசின் தங்கப் பத்திரம் (தங்கத்தின் விலையோடு மதிப்பு மாறும் கடன் பத்திரம்) சரி. புது வெளியீடு 2024 பிப்ரவரிக்குப் பிறகு இல்லை, பழையது சந்தையில் கிடைக்கும், வெளியீட்டு விலைக்கு வருடம் 2.5 சதவீதம் வட்டி.