டீச்சரிடம் கேளுங்கள்: லயத்துச் சுவரும் பழைய பயமும்

கேள்வி: டீச்சர், எனக்கு 37 வயது. மூணாறு பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். சின்ன வயதில் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவையும் என்னையும் அடிப்பார். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார், கை நீட்டவும் மாட்டார். ஆனாலும் ராத்திரி அவர் வந்து தாழ்ப்பாளைத் தள்ளும் சத்தம் கேட்டால் எனக்கு உள்ளங்கை வேர்த்து, வயிறு புரட்டுகிறது. போன மாதம் பாலைக் கொட்டியதற்காக என் மகனை அடித்துவிட்டேன். அடிக்கும்போது அப்பா சொல்லும் அதே கெட்ட வார்த்தை என் வாயில் வந்தது. பழசை மறந்துட்டு இரு என்கிறார் மாமியார். மறக்க முடியவில்லை. நானும் அப்பாவைப் போல ஆகிவிடுவேனா? இப்போது பக்கத்து வீட்டிலும் அதே சத்தம் கேட்கிறது. அங்கே ஒரு சின்னப் பெண் இருக்கிறாள்.
— பெயர் வேண்டாம், தேவிகுளம் தாலுகா

பதில்: கடைசி இரண்டு வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன், தங்கச்சி.

லயத்தில், அதாவது எஸ்டேட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில், சுவர் என்பது பெயருக்குத்தான். இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். உங்கள் அப்பா அடித்த ராத்திரிகளில் அந்த வரிசையில் இருந்த அத்தனை வீட்டுக்கும் அது கேட்டிருக்கும். சிலர் ரேடியோவைக் கூட்டி வைத்திருப்பார்கள். சிலர் தங்கள் பிள்ளைகளுக்கு இழுத்துப் போர்த்திவிட்டிருப்பார்கள். காலையில் மலைக்கு ஏறும்போது உங்கள் அம்மாவின் வீங்கிய கன்னத்தைப் பார்த்துவிட்டு மழை வருமா என்று பேசியிருப்பார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் என்னிடம் வந்து சொன்னதில் அடியைப் பற்றிய பேச்சு கொஞ்சம்தான். "எல்லாருக்கும் தெரியும் டீச்சர், யாருமே ஒண்ணும் கேக்கல" என்பதுதான் திரும்பத் திரும்ப வரும். ஒருவரும் கேட்காததால், தப்பு தங்கள் மேல்தான் என்று அந்தப் பிள்ளைகள் முடிவு கட்டியிருந்தார்கள். உங்களுக்குள்ளும் அப்படி ஒன்று உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது தாழ்ப்பாள். ஆனை நடமாடும் சின்னக்கானல் பக்கம் பிறந்த ஒருவர் மதுரையில் மாடி வீட்டில் குடியிருந்தாலும், ராத்திரி ஒரு கிளை முறியும் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மதுரையில் ஆனை வராது என்பது அவருக்குத் தெரியும். காதுக்குத் தெரியாது. ஆபத்து அடிக்கடி வரும் வீட்டில் வளரும் பிள்ளையின் உடம்பும் இப்படித்தான் பழகுகிறது. மூளைக்குள் அமிக்டலா என்று ஒரு சின்னப் பகுதி, யோசிக்கும் பகுதி வேலையைத் தொடங்குவதற்கு முன்பே சத்தத்தைப் பிடித்துக்கொண்டு எச்சரிக்கை கொடுத்துவிடும். அட்ரினலின், கார்ட்டிசால் என்ற சுரப்புகள் ரத்தத்தில் கலக்கும். இதயம் வேகமாக அடிக்கும், கை வேர்க்கும், வயிறு இறுகும். அன்றைக்கு அது உங்களைக் காப்பாற்றிய பழக்கம். அப்பா உள்ளே வருவதற்குள் கட்டிலுக்கு அடியில் போக அதுதான் நேரம் கொடுத்தது. ஆபத்து போய்விட்ட செய்தி உடம்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். இது பைத்தியம் இல்லை. மன பலம் இல்லாததாலும் வரவில்லை.

அதனால்தான் மறந்துவிடு என்ற அறிவுரை வேலைக்கு ஆகாது. மாமியார் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் கையை வேர்க்க வைப்பது நீங்கள் நினைத்துப் பார்க்கும் ஞாபகம் இல்லை என்பதால், நினைக்காமல் இருப்பதால் அது போகாது. சின்னதாக ஒன்று செய்து பாருங்கள். வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, தாழ்ப்பாளில் கை வைப்பதற்கு முன்பு வாசலில் நின்று உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். தினமும், ஒரு நாள் விடாமல். அந்தக் குரலுக்குப் பிறகு கெட்டது எதுவும் நடப்பதில்லை என்று உடம்பு மெதுவாகத்தான் கற்கும். ஆனாலும் கற்கும்.

அதோடு மருத்துவ உதவியும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிப் பழைய பயத்துக்கென்றே பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே அவற்றைப் பரிந்துரைத்திருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர்கள் குறிப்பிட்ட நாட்களில் நம் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வருவார்கள். எந்த நாள், எந்த ஆஸ்பத்திரி என்று ஆஷா வொர்க்கரிடம் கேளுங்கள். மலையாளத்தில் மனசைத் திறக்கத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிட்டுத் தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். காசு கிடையாது. பயத்தை இன்னொரு மொழியில் சொல்லச் சொல்வது நம் எல்லைப் பக்கத்து மக்களுக்குக் கூடுதலாக விழுந்த பாரம். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மகன் விஷயம். அடி வாங்கி வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளைக் கொடுமை செய்பவர்களாக ஆவதில்லை. மற்றவர்களைவிட அவர்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்பதும் உண்மை. உங்கள் அப்பா உங்களிடம் வந்து ஒரு தடவையாவது மன்னிப்புக் கேட்டாரா? நீங்கள் மகனிடம் கேட்கலாம். "பாலைக் கொட்டினது தெரியாம நடந்தது. நான் அடிச்சது தப்பு, அந்த வார்த்தை சொன்னதும் தப்பு, உன் மேல தப்பு இல்ல." இவ்வளவு போதும். 'ஆனா நீயும் கொஞ்சம் பார்த்து நடந்திருக்கலாம்ல' என்று வாலை ஒட்டிவிடாதீர்கள். தாய்க்கும் குழந்தைக்கும் நடுவில் நடப்பதைக் காலமெல்லாம் ஆராய்ந்த எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் கண்டது இதுதான்: நல்ல தாயும் பிள்ளையும்கூட ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாத நேரம்தான் அதிகம். ஒவ்வொரு தடவையும் அதைச் சரிசெய்துகொள்கிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடுத்த முறை கோபம் தலைக்கு ஏறினால் வாசலுக்குப் போய் நில்லுங்கள். பால் எங்கேயும் போய்விடாது.

இனி பக்கத்து வீட்டுப் பெண். சத்தம் கேட்கும்போது கதவைத் தட்டுங்கள். தனியாகப் போக வேண்டாம், வீட்டுக்காரரையோ எதிர் வீட்டு அக்காவையோ கூட்டிக்கொள்ளுங்கள். புத்தி சொல்லப் போகாதீர்கள். "கொஞ்சம் சீனி இருக்கா?" என்று கேளுங்கள். 2008-இல் நம் நாட்டில் 'பெல் பஜாவோ' என்று ஒரு பிரசாரம் தொடங்கியது. பக்கத்து வீட்டில் அடிக்கும் சத்தம் கேட்டால் போய் மணியை அடி, ஏதாவது சாக்கு சொல்லு, அவ்வளவுதான் அது. அடிப்பவனுக்கு வெளியே ஒரு காது இருக்கிறது என்று தெரிந்தால் கை பல நேரம் நின்றுவிடும். நிற்காது, கையில் கத்தி கம்பு இருக்கிறது என்றால் கிட்டே போகாமல் 112-ஐக் கூப்பிடுங்கள். பிள்ளைக்காக 1098, அவள் அம்மாவுக்காக 181.

மறுநாள் அந்தப் பெண்ணைப் பார்த்தால் நேற்று என்ன நடந்தது என்று துருவாதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். ராத்திரி எந்த நேரமும் எங்கள் வீட்டுக்கு வரலாம், கதவு திறப்பேன் என்று ஒருமுறை சொல்லுங்கள். சொன்னபடி திறங்கள். உங்கள் வரிசையில் இன்னும் இரண்டு வீடு இதே மாதிரி ஒத்துக்கொண்டால் அந்தப் பிள்ளைக்கு ஓட மூன்று வாசல் இருக்கும். உங்களுக்கு ஒன்றுகூட இருந்திருக்காது.

கேள்வி: நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்? நன்றாகத்தானே இருக்கிறோம்? இப்போது எதற்கெடுத்தாலும் மன அதிர்ச்சி, கவுன்சலிங் என்கிறார்கள்.
— ஓய்வுபெற்ற சூப்பர்வைசர், கொழிஞ்சாம்பாறை

பதில்: சார், நன்றாக இருப்பவர்கள்தான் கடிதம் எழுதுகிறீர்கள். குடியில் போனவர்கள், தூக்கில் தொங்கியவர்கள், வீட்டை விட்டு ஓடித் திரும்பாதவர்கள் எழுதுவதில்லை. உங்கள் வகுப்பில் கூடப் படித்தவர்கள் பெயரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், புரியும். ஒரு சந்தேகம்: நீங்கள் நன்றாக இருப்பதாக உங்கள் வீட்டில் இருப்பவர்களும் சொல்கிறார்களா?

கேள்வி: டீச்சர், இணையத்தில் 'சிறுவயதுக் கசப்பு அனுபவங்கள்' என்று 10 கேள்விகளுக்குப் பதில் போட்டேன். எனக்கு 6 மதிப்பெண் வந்தது. நான்குக்கு மேல் வந்தால் இதய நோய், மனச்சோர்வு, சீக்கிரம் சாவு என்று போட்டிருந்தது. வயது 19. இனி என் வாழ்க்கை இவ்வளவுதானா?
— கல்லூரி மாணவன், குமுளி

பதில்: தம்பி, அது பரீட்சை மார்க் இல்லை. எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 1980-களில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற டாக்டர் உடல் பருமனுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே சிகிச்சையை விட்டு ஓடினார்கள். ஏன் என்று விசாரித்தபோது அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவரும் ராபர்ட் ஆண்டா என்ற டாக்டரும் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு நடத்திய ஆய்வு 1998-இல் முதலில் வெளிவந்தது. கசப்பு கூடக்கூட நோயும் கூடுகிறது என்று காட்டியது அதுதான். பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் வேலையும் மருத்துவக் காப்பீடும் இருந்த நடுத்தர வர்க்கத்து மக்கள். ஏழை வீட்டில்தான் இதெல்லாம் நடக்கும் என்று நினைப்பவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வேன்.

ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனி ஆளின் தலையெழுத்தைச் சொல்ல இந்த எண்ணைப் பயன்படுத்தக்கூடாது என்று அந்த ராபர்ட் ஆண்டாவே 2020-இல் எழுதினார். எத்தனை நாள் நடந்தது, எந்த வயதில் நடந்தது, அப்போது உங்கள் பக்கம் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் அந்த ஆறுக்குள் இல்லை. நம் பக்கத்துக் கஷ்டங்கள் பலவும் அந்தப் பத்துக் கேள்விக்குள் இல்லை. 2000-ஐ ஒட்டி பீர்மேட்டில் எஸ்டேட்டுகள் பூட்டிக் கிடந்தபோது கப்பக்கிழங்கை மட்டும் தின்று பள்ளிக்கு வந்த பிள்ளைகள், வீட்டில் அடிதடி இல்லையென்றால், அந்தத் தாளில் பூஜ்யம் வாங்கியிருப்பார்கள்.

இன்னொரு கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹவாயில் கவாய் என்ற தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் தன் குழுவோடு அவர்களின் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார். வறுமை, குடி, சண்டை என்று எல்லாம் சேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் தெம்பான, அன்பான ஆட்களாக வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் பொதுவாக இருந்தது ஒன்று: விட்டுப்போகாத ஒரு பெரியவர். பாட்டியோ, அத்தையோ, வாத்தியாரோ. எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த செய்திதான். பதினெட்டு வயதில் கெட்டுப்போனவர்கள் என்று கணக்கில் எழுதப்பட்டவர்களிலும் பலர் முப்பது, நாற்பது வயதுக்குள் எழுந்துவிட்டார்கள். நல்ல துணை, திரும்பப் படிக்கக் கிடைத்த வாய்ப்பு, ஒரு வேலை, ஒரு கூட்டம். உங்களுக்கு இப்போதுதான் 19. அந்த ஆறை யாரிடமாவது சொன்னீர்களா? முதல் வேலை அது. டாக்டராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சொன்ன பிறகும் உங்களை அதே மாதிரிப் பார்க்கும் ஒருவரிடம் சொல்லுங்கள். சாகலாம் போல எப்போதாவது தோன்றினால் மட்டும் காத்திருக்காமல் அந்த 14416-ஐ அன்றைக்கே கூப்பிடுங்கள்.

கேள்வி: மழை வலுத்தாலே எங்கள் லயத்தில் பிள்ளைகள் தூங்குவதில்லை. பெட்டிமுடி நிலச்சரிவில் எங்கள் சொந்தக்காரர்களும் போனார்கள். எங்கள் பெண்கள் குழுவான அயல்கூட்டம் சார்பில் மைக் வைத்து, வெளியிலிருந்து ஆளைக் கூப்பிட்டு, ஒரு நாள் கூட்டம் போட்டு, பெரியவர்களையும் பிள்ளைகளையும் தங்களுக்கு நடந்ததைச் சொல்ல வைக்கலாமா? அழுது தீர்த்தால் சரியாகிவிடும் என்கிறார்கள்.
— குடும்பஸ்ரீ அயல்கூட்டம் செயலாளர், வண்டிப்பெரியாறு

பதில்: மனசு நல்ல மனசு. கூட்டம் வேண்டாம்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை இறங்கி 70 உயிர் போனது. தூங்கிக்கொண்டிருந்த லய வரிசையே மண்ணுக்குள் போனது. அப்படிப்பட்டதை ஒரே நாளில், ஊர் முன்னால், மைக்கில் சொல்ல வைத்தால் பலருக்கு ஆறாது, கிளறிவிடும். பேரிடருக்குப் பிறகு எல்லோரையும் ஒரு தடவை உட்கார வைத்துப் பேச வைக்கும் முறை உதவாது என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்லியிருக்கிறது. 2011-இல் அவர்கள் கொடுத்த மனநல முதலுதவிக் கையேட்டின் சாரம் மூன்று வேலைதான்: நிலைமையைப் பார், சொல்வதைக் கேள், வேண்டிய உதவியோடு சேர்த்துவிடு. சொல்ல வை என்று அதில் கிடையாது. இன்னொன்று, லயத்தில் இன்று சொன்னது நாளை எடை போடும் இடத்தில் கதையாக ஓடும். அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூட்டத்தில் ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள்? 2012-ஆம் வருஷத்து போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்தவர் கட்டாயம் புகார் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அந்தரங்கமும் பாதுகாப்பும் ஏற்பாடு செய்யாமல் மைக்கை நீட்டுவது அநியாயம்.

பிள்ளைகளுக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் மழை வந்தால் என்ன செய்வது என்று தெரியாததும்தான். அதைத் தீர்க்கலாம். எச்சரிக்கை வந்தால் எந்த இடத்தில் கூடுவது, எந்த வழியில் போவது, யார் யாரைக் கூட்டிப் போவது, வயதானவர்களை யார் தூக்குவது என்று எழுதி ஒட்டுங்கள். மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் பாலசபைப் பிள்ளைகளை வைத்து ஒருமுறை நடந்து பாருங்கள். பெரிய பிள்ளைகளுக்குப் பொறுப்பு கொடுங்கள். தன் கையில் ஒரு வேலை இருக்கும் பிள்ளைக்குப் பயம் கொஞ்சம் அடங்கும். மழை ராத்திரிகளில் ஒரு வீட்டில் விளக்கு எரியட்டும், கட்டன் காப்பி கொதிக்கட்டும், தூங்க முடியாதவர்கள் வந்து தாயம் விளையாடட்டும். பேச வேண்டும் என்று தோன்றுபவர்கள் அங்கே தானாகப் பேசுவார்கள். மாதக்கணக்கில் தூங்காத, சாப்பிடாத, வாய் பேசாத பிள்ளை இருந்தால் மட்டும் ஆஷா வொர்க்கரைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

மைக்குக்கும் மேடைக்கும் ஒதுக்கிய பணத்தில் நல்ல டார்ச் நாலைந்து வாங்கி, பாதியைப் பிள்ளைகள் பொறுப்பில் விடுங்கள். தீர்ந்தால் பேட்டரி யார் செலவு என்பதையும் வாங்கும் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள். எல்லா அயல்கூட்டத்திலும் விட்டுப்போவது அந்த ஒன்றுதான்.