மன்னிக்கக் கடவுளுக்குப் பலி எதற்கு?

கடவுள் சர்வவல்லவர் என்றால், ஒரு சொல்லால் மன்னித்துவிடலாமே, இயேசு சிலுவையில் பலியானது எதற்கு என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. திருச்சபைக்குள்ளேயே இதற்கு ஒரே பதில் இல்லை.

கடன் கொடுத்தவர் அதைத் தள்ளுபடி செய்தால் நஷ்டம் மறைந்துவிடுவதில்லை. அவர் தலையில் விழுகிறது. மன்னிப்பும் அப்படித்தான் என்பதே கிறிஸ்தவ வாதத்தின் உயிர்நாடி. கோபம் கொண்ட பிதா அப்பாவி ஒருவரைத் தண்டித்தார் என்று சிலர் பிரசங்கிப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவ நம்பிக்கையின்படி, பலியாகிற குமாரன் இயேசுவும் கடவுளே. குற்றத்தின் விலையை அவர் தாமே ஏற்கிறார்.

இதன் வேர் யூத வழிபாட்டில் இருக்கிறது. உயிர் இரத்தத்தில் இருப்பதால் அது பாவநிவிர்த்தி செய்கிறது என்கிறது பைபிளின் பழைய ஏற்பாட்டு நூலான லேவியராகமம் 17:11. ஆனால் அதே நூலின் 5:11, பறவைகளைக்கூடக் கொண்டுவர இயலாத ஏழையிடம் மாவையே பாவநிவாரண பலியாக ஏற்கிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

பாவம் கடவுளின் மாட்சிமைக்கு இழுக்கு, அதற்கு ஈடு வேண்டும் என்று 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேன்டர்பரி பேராயர் அன்செல்ம் வாதிட்டார். அடுத்த நூற்றாண்டில் இறையியலாளர் அபெலார்டு, மனிதரின் இதயத்தைத் திருப்பும் அன்பின் வெளிப்பாடே சிலுவை என்பதை வலியுறுத்தினார். கிழக்கத்திய மரபுவழிச் சபையோ, மரணத்தின் மீதான வெற்றியாகவே அதை முதன்மையாகக் காண்கிறது.

பலியின்றி மன்னிக்கக் கடவுளால் முடியாதா? முடியும், ஆனால் இந்த வழியே மிகப் பொருத்தமானது என்றார் இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். எனக்கும் அந்தப் பதிலே சரியென்று படுகிறது.