பாதி விலைக்குச் சீன பிரேக் பேட்: இறக்குமதி செய்யலாமா?

கேள்வி: சார், பெங்களூரு ஜே.சி. ரோட்டில் அண்ணனும் நானும் கார் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறோம். இதுவரை டெல்லி காஷ்மீரி கேட் பார்ட்டிகளிடம்தான் பிரேக் பேட் எடுத்தோம். இப்போது ஒரு சீன சப்ளையர் கிட்டத்தட்ட பாதி விலை சொல்கிறார். பில்லையும் குறைத்துப் போட்டுத் தருகிறாராம். இறங்கலாமா?
- வாசகர், சிவாஜி நகர், பெங்களூரு

பதில்: இறங்கலாம். ஆனால் அந்தப் பாதி விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், சரக்கு உங்கள் கடைக்கு வந்து சேரும்போது என்ன அடக்கம் ஆகிறது என்று பாருங்கள். சரக்கு விலை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் என்று வையுங்கள். தகட்டில் பொருத்திய பிரேக் பேட் சுங்க வரிப் பட்டியலில் 8708 என்ற தலைப்பில் வரும், அடிப்படைச் சுங்க வரி 15%, அதாவது 15,000. அந்த வரியின் மேல் சமூக நல சர்சார்ஜ் 10%, அது 1,500. ஆக 1,16,500 ஆயிற்றா, இதன் மேல் 18% ஐ.ஜி.எஸ்.டி., அதாவது இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி., 20,970 ரூபாய். மொத்தம் 1,37,470. ஐ.ஜி.எஸ்.டி.யைப் பிறகு நீங்கள் விற்கும்போது கட்டும் ஜி.எஸ்.டி.யில் இன்புட் கிரெடிட்டாகக் கழித்துக்கொள்ளலாம், சரி, ஆனால் முதலில் அது உங்கள் கையிலிருந்துதானே போக வேண்டும், சின்னக் கடைக்கு அவ்வளவு பணம் முடங்குவது லேசான விஷயமில்லை.

ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கான ஐ.இ.சி. எண் இல்லாமல் எதுவும் நகராது. வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டி.ஜி.எஃப்.டி.யின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி நீங்களே எடுக்கலாம், ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதிப்படுத்தாவிட்டால் முடக்கிவிடுவார்கள். கன்டெய்னரைச் சென்னைத் துறைமுகத்தில் இறக்கி, ரயிலில் பெங்களூரு ஒயிட்ஃபீல்டு கன்டெய்னர் டிப்போவுக்குக் கொண்டுவந்து அங்கேயே சுங்கத்தில் கிளியர் செய்யலாம். நல்ல கிளியரிங் ஏஜென்டைச் சரக்கு கிளம்புவதற்கு முன்பே பிடித்துவிடுங்கள், வந்தபின் காகிதம் தேடினால் ஒவ்வொரு நாளும் வாடகையும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணமும் ஏறும்.

பில்லைக் குறைத்துப் போடும் பேச்சுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். அதே சரக்கை மற்றவர்கள் என்ன விலைக்கு இறக்கினார்கள் என்ற தகவல் சுங்கத்துறையிடம் இருக்கிறது, சந்தேகம் வந்தால் நீங்கள் காட்டிய விலையைத் தள்ளிவிட்டு அவர்களே மதிப்பு போட 2007 மதிப்பீட்டு விதிகள் இடம் தருகின்றன. பொய் என்று தெரிந்தால் 1962 சுங்கச் சட்டப்படி சரக்கே பறிமுதல், அபராதம் தனி. சீனாவில் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது, மாட்டுவது ஐ.இ.சி.யில் பெயர் உள்ள நீங்கள்.

இன்னொன்றையும் அழுத்தமாகவே சொல்கிறேன். டப்பாவில் பெரிய கம்பெனி பெயர் போட்டு டூப்ளிகேட் அனுப்பினால், அந்த பிராண்ட் சுங்கத்தில் பதிவாகியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் உங்கள் கடைக்கு வந்துவிட்டால் அது இன்னும் மோசம். பிரேக் பேடை வாங்குகிறவர் குடும்பத்தோடு ஓசூர் சாலையில் போகிறவர், சூடேறும்போது பிடிக்காத பேட் எந்த விலைக்குக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம் என்பேன். முதலில் சாம்பிள் வாங்கி நல்ல பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள், அந்த ரிப்போர்ட் சரியாக வந்த பிறகு ஆர்டர் போடுங்கள். கூடவே நாலு டயரும் வரட்டும் என்று சேர்த்துவிடாதீர்கள், டயருக்கு இந்தியத் தரநிலை அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரை கட்டாயம், பல வகைப் புது டயர்களுக்கு 2020 ஜூன் முதல் இறக்குமதி லைசென்ஸும் தேவை.

கேள்வி: துபாயில் இருக்கும் என் தம்பி, தான் ஓட்டும் நாலு வருடக் காரை எங்களுக்கு அனுப்புகிறேன் என்கிறான். கொண்டுவர முடியுமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: முடியாதம்மா. துபாய் கார்களில் ஸ்டீயரிங் இடப்பக்கம், இங்கே வலப்பக்கம் இருந்தால்தான் பழைய காருக்கு அனுமதி. தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாக மட்டும்தான் இறக்கலாம், வரியோ காரின் விலையையே தாண்டும். தம்பியிடம் காரை அங்கேயே விற்றுவிட்டுப் பணமாக அனுப்பச் சொல்லுங்கள்.