குடும்பத் தேயிலைக் கம்பனியைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோவதற்கு முன்

ஹட்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் தந்தையார் தொடங்கிய, கொழுந்து வாங்கித் தேயிலை ஆக்கும் தொழிற்சாலையையும் பொதியிடும் நிலையத்தையும் மூன்று சகோதரர்களும் ஒரு சகோதரியுமாகத் தனியார் கம்பனியாக நடத்திவருகிறோம். தொழிற்சாலைக் காணி தந்தையாரின் பெயரில் இருக்கிறது. லொறிகள் மூத்த அண்ணனுடையவை. புதிய இயந்திரங்கள் வாங்க வேண்டும், வங்கிக் கடனைக் குறைக்க வேண்டும், வெளிநாட்டில் குடியேறிய தங்கை தன் பங்கைப் பணமாகக் கேட்கிறார். கம்பனியின் பெறுமதி 60 கோடி ரூபா என்று ஒருவர் மதிப்பிட்டார். ஆறு மாதத்துக்குள் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட முடியுமா?"

ஆறு மாதத்தில் முடியாது. இரண்டு மூன்று நிதியாண்டுகளை ஒதுக்கி ஆயத்தம் செய்தால் முடியும் என்று நம்புகிறேன். பங்குச் சந்தையிலும் அதைக் கண்காணிக்கும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவிலும் செலவாகும் காலத்தைவிட, உங்கள் சொந்த அலுவலகத்தில் கணக்குகளையும் உறுதிகளையும் ஒழுங்குபடுத்தச் செலவாகும் காலமே அதிகமாக இருக்கும்.

முதலில் அந்த 60 கோடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சந்தையில் பெரிய கம்பனிகளுக்கான பிரிவாகிய பிரதான பலகையில் பட்டியலிட 50 கோடி ரூபா, அதாவது 500 மில்லியன், கூற்று மூலதனம் வேண்டும். அத்துடன் தொடர்ச்சியாக மூன்று ஆண்டுகள் வரிக்குப் பிந்திய இலாபமும் காட்ட வேண்டும். கூற்று மூலதனம் என்பது பங்குகளுக்காகக் கம்பனிக்குள் உண்மையாகவே வந்து சேர்ந்த தொகை. உங்கள் கம்பனி இன்று என்ன விலை போகும் என்று ஒருவர் சொல்லும் மதிப்பீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தந்தையார் காலத்தில் சில இலட்சங்களுக்குப் பங்குகள் வழங்கப்பட்டிருந்தால், பின்னர் எவ்வளவு வளர்ந்திருந்தாலும் ஏட்டில் கூற்று மூலதனம் அந்தச் சில இலட்சங்களாகவே நிற்கும். தேங்கிய இலாபத்தை மூலதனமாக்கிப் பங்கு வழங்க வழியுண்டு. அவ்வாறு செய்தாலும், 10 கோடி ரூபா மூலதனம் கேட்கும், சிறிய கம்பனிகளுக்கான பிரிவாகிய திரி சவி பலகையே உங்களைப் போன்ற கம்பனிக்குப் பொருத்தமான வாசல் என்று கருதுகிறேன். அங்கே குறைந்தது 200 பொதுப் பங்குதாரர்கள் வேண்டும். கம்பனி சிறியதாயின் 10 சதவீதப் பங்குகளாவது பொதுமக்கள் கையில் இருக்க வேண்டும்.

சட்ட வடிவத்தை மாற்றுவது ஒப்பீட்டளவில் இலகுவானது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி ஒரு தனியார் கம்பனி, ஊழியர்களைத் தவிர்த்து, 50 பங்குதாரர்களுக்கு மேல் வைத்திருக்கவும் பொதுமக்களுக்குப் பங்கு வழங்கவும் கூடாது. ஆகவே, பங்குதாரர் வாக்குகளில் 75 சதவீதம் வேண்டிய விசேட தீர்மானம் ஒன்றின் மூலம் அமைப்பு விதிகளைத் திருத்திப் பொதுக் கம்பனியாக மாற வேண்டும். குடும்பத்தார் சம்மதமின்றிப் பங்கை வெளியாருக்கு விற்கக் கூடாது என்பது போன்ற பழைய வாசகங்கள் உங்கள் விதிகளில் இருக்கக்கூடும். பட்டியலிடப்பட்ட பங்கு தடையின்றிக் கைமாற வேண்டும் என்பதால் அவை நீங்க வேண்டும்.

கடினமானது, நீங்கள் கேள்வியில் போகிற போக்கில் குறிப்பிட்ட காணியும் லொறியுமே. குடும்பத் தொழிலில் வீட்டுப் பணமும் கம்பனிப் பணமும் ஒரே பெட்டியில் கலந்து கிடப்பது வழக்கம். அண்ணனின் லொறிக்கு மாத வாடகை எவ்வளவு என்று எங்கும் எழுதியிருக்காது, தந்தையாரின் காணிக்குக் குத்தகைப் பத்திரமே இருக்காது, தீபாவளி முற்பணம் வீட்டுப் பணத்தில் எடுத்ததா கம்பனியில் எடுத்ததா என்பது அண்ணன் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும். நான்கு பேரும் ஒருவரையொருவர் நம்பும்வரை இதில் தவறேதும் இல்லை. வெளியார் ஒருவர் ஒரு பங்கை வாங்கிய நாளிலிருந்து அது அவருடைய பணமும் ஆகிவிடுகிறது. லொறி வாடகை சந்தை விலையைவிட ஒரு ரூபா கூடினாலும் அது அவருடைய பையிலிருந்து அண்ணனின் பைக்குப் போகிறது என்றுதான் சட்டம் பார்க்கும். தொடர்புடைய தரப்பினரின் கொடுக்கல் வாங்கல்களை மீளாய்வு செய்யத் தனிக் குழு வேண்டும் என்று பட்டியலிடல் விதிகள் கேட்பது இதனால்தான்.

தொழிற்சாலைக் காணியை இரண்டு விதமாகத் தீர்க்கலாம்: நியாயமான மதிப்பீட்டில் கம்பனி அதை வாங்கலாம், அல்லது நீண்டகாலக் குத்தகையை எழுதிப் பதிவு செய்யலாம். தந்தையார் உடல்நலத்தோடு இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். முதிசமாகிவிட்டால் வாரிசுகளின் ஒப்பம் தேடுவதிலேயே ஆண்டுகள் கழியும். காணி அரச காணியா, காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவின் வழியாக வந்ததா, தோட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டதா என்பதையும் சட்டத்தரணியைக் கொண்டு பின்னோக்கித் தேடுங்கள். மலையகத்தில் பெருந்தோட்டக் காணியின் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தமானது; பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளே அதை 53 ஆண்டுக் குத்தகையில்தான் வைத்திருக்கின்றன. உறுதியில் குறையுள்ள காணியின்மேல் நிற்கும் தொழிற்சாலையை நம்பி எவரும் பணம் போடமாட்டார்.

பணம் எங்கே போகிறது என்பதிலும் உங்களிடம் ஒரு குழப்பம் தெரிகிறது. கம்பனி புதிய பங்குகளை வழங்கினால் வரும் பணம் கம்பனிக்குரியது. அதில் இயந்திரம் வாங்கலாம், கடனைக் கட்டலாம். தங்கையின் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றால் வரும் பணம் தங்கைக்குரியது. கம்பனிக்கு ஒரு சதமும் சேராது. இரண்டையும் ஒரே வழங்கலில் சேர்க்கலாம். ஆனாலும் குடும்பத்தார் பங்கை விற்று வெளியேறும் தொகை பெரிதாக இருந்தால் வாங்குவோர் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. தங்கையின் பங்கைச் சகோதரர்களே தவணை முறையில் முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். புதிய பங்குகளால் திரட்டிய தொகையை எதற்கு என்று விபரத்திரட்டில், அதாவது பங்கு வாங்குவோருக்காகக் கம்பனி வெளியிடும் விளக்க ஆவணத்தில், எழுதினீர்களோ அதற்குத்தான் செலவிட வேண்டும். முழுவதும் செலவாகும்வரை அறிக்கைகளில் கணக்குக் காட்ட வேண்டும்.

விலை நிர்ணயத்தில் 2022 ஆம் ஆண்டைப் பற்றி நேர்மையாக இருங்கள். ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிய அந்த ஆண்டில் ஏற்றுமதியாளர் பலருக்கு ரூபாயில் இலாபம் பெருகியது. அது வியாபாரத் திறமையால் வந்ததன்று, நாணய மதிப்பு வீழ்ந்ததால் வந்தது. அதே காலத்தில் 2021 இன் இரசாயன உரத் தடையால் கொழுந்து குறைந்து, நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவிலிருந்து 250 மில்லியன் கிலோவளவுக்கு இறங்கியது. இவை இரண்டையும் விபரத்திரட்டின் இடர்ப் பகுதியில் வெளிப்படையாக எழுதுங்கள். தேயிலை ஏல விற்பனைத் தரகர்களிடம் முற்பணம் பெற்றிருந்தால் அதுவும் கடன்தான், மறைக்கக் கூடாது.

பட்டியலிட்ட பிறகு வரும் கடமைகள் ஓயாதவை. காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் இடைக்காலக் கணக்கு, நிதியாண்டு முடிந்து ஐந்து மாதத்துக்குள் ஆண்டறிக்கை, சுயாதீனப் பணிப்பாளர்கள், கணக்காய்வுக் குழு, விலையைப் பாதிக்கக்கூடிய எந்தச் செய்தியையும் உடனடியாகச் சந்தைக்கு அறிவித்தல் ஆகியவற்றுக்கு ஆளும் பணமும் வேண்டும். குடும்பம் 75 சதவீதத்துக்கு மேல் வைத்திருந்தால் விசேட தீர்மானங்கள் உங்கள் கையில் இருக்கும். பாதிக்குக் கீழே இறங்கினால் பணிப்பாளர் சபையே கைமாறக்கூடும். இதை நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி எழுத்தில் வையுங்கள்.

இன்னொன்றையும் மனம் வைத்துக் கேட்டுக்கொள்கிறேன். கொழும்பில் 1896 இல் பங்கு வியாபாரம் தொடங்கியதே தேயிலைத் தோட்டங்களைத் திறக்க மூலதனம் தேடிய கம்பனிகளுக்காகத்தான். கொட்டகலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை ஆகிய ஊர்களின் பெயரைக் கொண்ட தோட்டக் கம்பனிகள் இன்றும் சந்தையின் விலைப்பட்டியலில் இருக்கின்றன. அத்தோட்டங்கள் தனியார்மயமானபோது பங்குகளில் 10 சதவீதம் தொழிலாளருக்கு இலவசமாகக் கிடைத்தது. கையில் கிடைத்த அந்தப் பத்திரம் என்ன, அதை என்ன செய்யலாம் என்று அவர்களுக்குத் தமிழில் பொறுமையாக விளக்கியவர்கள் மிகக் குறைவு. நீங்கள் பங்கு வழங்கும் நாளில் உங்கள் ஊழியர்களுக்கும் கொழுந்து தரும் சிறுதோட்ட உடைமையாளர்களுக்கும் ஒரு பகுதியை ஒதுக்கப் பாருங்கள். விபரத்திரட்டின் சாரத்தையும் விண்ணப்பத்தை நிரப்பும் முறையையும் தமிழில் அச்சிட்டு, விலை இறங்கவும் கூடும் என்பதை முதற்பக்கத்திலேயே சொல்லுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இது: வரும் மார்ச் 31க்கு முன் காணிக்கும் லொறிகளுக்கும் எழுத்து ஒப்பந்தம் செய்து, பங்குச் சந்தை ஏற்கும் கணக்காய்வாளர் ஒருவரை நியமித்து, ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து கம்பனிக் கணக்கைத் தனிப்படுத்துங்கள். அந்த முதலாண்டுக் கணக்குகள் கணக்காய்வு செய்யப்பட்டு வந்த பிறகு, பங்கு வழங்கலை நடத்தித்தரும் வழங்கல் முகாமையாளரிடம் பேசப் போகலாம்.