எடையும் குறையணும், இட்லியும் வேணும்: உங்க கேள்விகளுக்கு என் பதில்கள்

கோயம்புத்தூர்ல 18 வருஷமா டயட்டீஷியனா இருக்கேன். எடை பத்தி நீங்க கேட்டதுல ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒண்ணாச் சேர்த்துட்டேன்.

ஈரோட்டிலிருந்து ஒரு சகோதரி: மூணு மாசம் சோத்தையே தொடலை அக்கா. 7 கிலோ குறைஞ்சுது. தீபாவளிக்குத் தொட்டேன், பங்குனிக்குள்ள 8 கிலோ ஏறிடுச்சு. எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா?

உங்க மனசு மேல பழி போடாதீங்க. மூணு மாசம் சோறில்லாம இருந்தீங்களே, அதுக்கு எவ்வளவு வைராக்கியம் வேணும்! தப்பு உங்க மேல இல்லை, திட்டத்து மேலதான். இட்லி, தோசை, சோறு மூணையும் தள்ளிட்டு வெள்ளரிக்காயும் சூப்புமா இருந்தா கொழுப்போட தசையும் சேர்ந்து கரையும். எடை இறங்க இறங்க உடம்புக்குத் தேவைப்படுற கலோரியும் குறையும், பசி மட்டும் கூடும். அந்த நேரத்துல பழையபடி சாப்பிட ஆரம்பிச்சா ஏறாம என்ன செய்யும்?

வெந்த சோறு 100 கிராம் ஏறக்குறைய 130 கலோரி, அவ்வளவுதான். நம்ம தட்டுல நடுவுல மலையாட்டம் சோறு, ஓரத்துல ஒரு ஸ்பூன் பொரியல். சிக்கல் அங்கதான். முதல்ல பாதித் தட்டுக்குப் பொரியலோ கீரையோ வைங்க. அப்புறம் கெட்டிப் பருப்பு, முட்டை, மீன், சுண்டல்னு ஏதாவது ஒண்ணு. மிச்ச இடத்துக்குத்தான் சோறு. குழம்பு, ரசம், மோர் மூணுக்கும் அந்தச் சோத்தையே பிரிச்சு வச்சுக்குங்க. ரசத்துக்குக் கொஞ்சம், மோருக்குக் கொஞ்சம்னு மறுபடி மறுபடி வாங்கும்போதுதான் கணக்கு தப்பும். மாசம் ஒண்ணரை, ரெண்டு கிலோ இறங்கினாப் போதும். 80 கிலோ இருக்கிறவங்க 4 கிலோ குறைச்சாலே சர்க்கரையிலயும் பிபியிலயும் நல்ல மாற்றம் தெரிய ஆரம்பிக்கும்.

சேலத்திலிருந்து: நாங்க வறுத்தது பொரிச்சது அதிகம் சாப்பிடுறதில்லை. இருந்தும் வீட்ல எல்லாருக்கும் எடை கூடுது.

மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குறீங்க? என்கிட்ட வர்றவங்ககிட்ட நான் கேட்கிற முதல் கேள்வியே இதுதான். 4 பேர் இருக்கிற வீட்டுக்கு 5 லிட்டர்னு வச்சுக்குவோம். அது சுமார் நாலரைக் கிலோ. ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம், கிராமுக்கு 9 கலோரின்னா 340 கலோரிக்கு மேல. அதையே 3 லிட்டராக்கினா 205 கலோரிதான். யாரும் பட்டினி கிடக்காமலே ஆளுக்கு ஒரு தோசை அளவு தினமும் மிச்சம்.

எங்க வீட்டு எண்ணெய் பாட்டில்ல ஸ்கெட்ச் பேனாவால வாரத்துக்கு ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன். வியாழக்கிழமையே கோட்டுக்குக் கீழ இறங்கிட்டா, மிச்ச நாள் ராத்திரிக்கு இடியாப்பமும் கொழுக்கட்டையும்தான். தோசைக்குக் கரண்டியால எண்ணெய் ஊத்தாதீங்க. வெங்காயத்தைப் பாதியா வெட்டி எண்ணெயில தொட்டுக் கல்லுல தேய்ச்சாப் போதும். வாசனையும் தனியா இருக்கும்.

காபியையும் கொஞ்சம் பாருங்க. நாலு தடவை, தடவைக்கு ரெண்டு ஸ்பூன்னா 40 கிராம் சர்க்கரை ஆச்சு. 2024ல ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், வெளியிட்ட உணவு வழிகாட்டி ஒரு நாளைக்கே 20 முதல் 25 கிராமுக்குள்ள இருக்கச் சொல்லுது. ரெண்டு வாரத்துக்கு அரை ஸ்பூன்னு குறைச்சா நாக்கு சண்டை போடாது.

பொள்ளாச்சியிலிருந்து: வாக்கிங் போனா பத்தே நாள்ல சலிச்சுடுது. 10,000 அடி நடந்தே ஆகணுமா?

வேண்டாம். அந்த எண் 1965ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்த அடியை எண்ணுற ஒரு நடைமானியோட பேருல இருந்து பரவினது. வாரத்துக்கு 150 நிமிஷம், மூச்சு கொஞ்சம் வாங்குற அளவுக்கு உடம்பு அசையணும்னுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நடந்துதான் ஆகணும்னு இல்லை.

நீங்க இருக்கிற பக்கம் பாடிக்கிட்டே ஆடுற வள்ளி கும்மி இருக்கே, அம்மணி! காரமடை பக்கத்துத் தேக்கம்பட்டி கும்மிக் கலைஞர் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024ல பத்மஸ்ரீ கிடைச்சதே, அதே கும்மிதான். என்கிட்ட வந்துட்டிருந்த 52 வயசு அக்கா ஒருத்தர் நடைப்பயிற்சின்னாலே முகத்தைச் சுளிப்பார். பக்கத்துக் கோயில் திடல்ல கும்மிப் பயிற்சி ஆரம்பிச்சதும் சேர்ந்துட்டார். ஆசிரியர் பாடப் பாடக் குனிஞ்சு, நிமிர்ந்து, கைதட்டி, வட்டம் சுத்தி ஒரு மணி நேரம் ஆடினா ரவிக்கை முழுக்க நனைஞ்சிடுமாம். ஒரு நாள் என் அறையில உட்கார்ந்துகிட்டு ஜன்னலையே பார்த்தார். "மழை வந்து இன்னைக்குக் கும்மியைக் கெடுத்துடுமோன்னு இருக்கு மேடம்"னார். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நின்னு போயிடுமோன்னு ஏங்க வைக்கிற மாதிரி ஒண்ணைத் தேடுங்க; அது ஷட்டிலா இருக்கலாம், நீச்சலா இருக்கலாம், தோட்டத்துல மண்வெட்டி பிடிக்கிறதாவும் இருக்கலாம். முட்டி வலி இருக்கிறவங்க மட்டும் குதிக்கிற அடவைத் தவிர்த்துடுங்க.

பலர் கேட்டது: கொள்ளுத் தண்ணி, தேன்-எலுமிச்சை, சிறுதானியம்?

"கொழுத்தவனுக்குக் கொள்ளு"ன்னு பழமொழி இருக்கு. கொள்ளுல புரதமும் நார்ச்சத்தும் நல்லா இருக்கு. அதனால கொள்ளுப் பருப்பாக் கடைஞ்சு, சோத்தைக் குறைச்சு அந்த இடத்துல சாப்பிடுங்க. சாப்பாடு பழைய அளவுலயே இருக்க, மேல ஒரு டம்ளர் கொள்ளுத் தண்ணி குடிச்சா எதுவும் கரையாது. தேன் ஒரு ஸ்பூனே 20 கலோரி. சிறுதானியம் நல்லதுதான், சீக்கிரம் வயிறு நிறையும். ஆனா கலோரியில அரிசிக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தினைப் பொங்கல்ல நெய் ஊத்தினா அதுவும் பொங்கல்தான்.

சிறுசேரியிலிருந்து ஒரு தம்பி: நைட் ஷிஃப்ட். ராத்திரி 3 மணிக்கு டீயும் பஜ்ஜியும்தான் கிடைக்குது.

தம்பி, அந்தப் பசி உண்மையான பசி, அதை அடக்காதீங்க. கிளம்பும்போதே ரெண்டு அவிச்ச முட்டை, இல்லைன்னா ஒரு டப்பா சுண்டல் எடுத்துட்டுப் போங்க. காலையில வந்ததும் லேசா ஏதாவது சாப்பிட்டுட்டு, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு 7 மணி நேரம் தூங்குங்க. தூக்கம் கெட்டா மறுநாள் பசி எகிறும். உங்களுக்கு நான் முதல்ல எழுதிக் கொடுக்கிற மருந்தே தூக்கம்தான்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறேன். ராத்திரி சாப்பாட்டை விட்டுடலாமா?

டாக்டரைக் கேட்காம விடாதீங்க. சில மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் சாப்பாட்டை விட்டா சர்க்கரை திடீர்னு இறங்கி மயக்கம் வரும். எடை குறையக் குறைய மாத்திரை அளவையும் அவர்தான் மாத்தணும்.

நாமக்கல்லிலிருந்து: வேண்டாம்னு சொன்னாலும் மாமியார் தட்டுல அள்ளி வைக்கிறாங்க. மறுத்தா முகம் வாடிடுது.

மறுக்காதீங்க, கேட்டு வாங்குங்க. "அத்தை, உங்க கையால கடைஞ்ச கீரை இன்னும் ஒரு கரண்டி வைங்க"ன்னு சொல்லிப் பாருங்க. அப்புறம் ஒரு நாள் அவங்களையும் உட்கார வச்சு, தையல் டேப்பால ரெண்டு பேரும் இடுப்பை அளந்து காலண்டர்ல எழுதுங்க. பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90, அதுக்கு மேல போகக் கூடாது. அடுத்த மாசம் அளக்கிறப்ப டேப்பை அவங்களே எடுத்துட்டு வருவாங்க, பாருங்க.