‘லாட்டரி’யும் ‘ஓமலாஸ்’ கதையும் எங்கே பிரிகின்றன?

நீங்கள் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதும் இந்த இரு சிறுகதைகளிலும் ஊரே ஒருவரைப் பலியிடுகிறது; பலியிடுவோர் எவ்வளவு அறிந்து அதைச் செய்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஷெர்லி ஜாக்சனின் ‘லாட்டரி’யில் (1948) ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கி ஒருவரைக் கல்லெறிந்து கொல்லும் சடங்கின் பெரும்பகுதியை மறந்துவிட்ட ஊரார், கற்களை மட்டும் மறக்கவில்லை, உர்சுலா லெ குவினின் ‘ஓமலாஸ்’ கதையிலோ (1973), நிலவறையில் அடைபட்ட குழந்தையின் துயரமே தங்கள் இன்பவாழ்வின் விலை என்பதை ஓமலாஸ் நகரத்தார் ஒவ்வொருவரும் சிறுவயதிலேயே அறிந்துகொள்கிறார்கள்.

“இரண்டும் ஒரே கதையாகத் தெரிகிறது, கட்டுரை நகரவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். பலியை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்ததே காரணமாக இருக்கலாம். பலியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று இரு கதைகளிலும் தேடிப் பாருங்கள். ஓமலாஸில் அன்றே செழிப்பு அழிந்துவிடும். லாட்டரியில், சில ஊர்கள் அதை ஏற்கெனவே கைவிட்டுவிட்டதாக ஒரு பெண் சொல்கிறாள். அந்த ஊர்களுக்குக் கேடு நேர்ந்ததாகக் கதை எதையும் காட்டவில்லை.

லாட்டரியில் பலியாகும் டெஸ்ஸியை ‘அப்பாவி’ என்று எழுதுமுன் சற்றுத் தயங்குங்கள். தன் குடும்பத்துக்குச் சீட்டு விழுந்ததும், மணமாகிப் போன மகளையும் குலுக்கலில் சேர்க்கச் சொல்கிறவள் அவள். என்னை மிகவும் உலுக்கிய இடம் அதுதான்.

மதுரை மாணவர் என்பதால் கோவலன் கொலையையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், வேண்டாம். அது தீர விசாரிக்காத பாண்டியன் இழைத்த பிழை, ஊர் கூடிக் கொடுத்த பலி அன்று.